கப்பல் கட்டடத்துத் தாத்தா

அறுபத்தொன்றாம் வருடம், ஆனி கடைசி வெள்ளி, காலை பத்து மணி. தென்காசிக் கடைத்தெருவில் வெயிலும் சாரலும் ஒன்றாக விழுந்தன. கப்பல் கட்டடத்துத் தாத்தாவுக்கு யாரோ தேங்காய் உடைத்தார்கள். சில்லு ஒன்று தெறித்து ஆதமின் சைக்கிள் கடைக்குள் வந்து விழுந்தது.

ஆதம் அதை எடுத்துக் கடைவாசலில் நின்ற ஆட்டுக்குப் போட்டான்.

“தாத்தா வந்ததுல முன்னுக்கு வந்தது இந்த ஆடு ஒண்ணுதான் அண்ணாச்சி. நடக்கவே மாட்டேங்கி.”

உள்பெஞ்சில் வல்லிநாயகம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். யோசிக்கிறார் என்று ஊர் நினைத்தது. தூங்குகிறார் என்பது ஆதமுக்குத் தெரியும்.

வல்லிநாயகம் துப்பறிகிறவர். முன்பு எங்கோ போலீசில் ரைட்டராக இருந்தார். ஒரு சங்கிலித் திருட்டில் சரியான ஆளைப் பிடித்தார். ஆள் இன்ஸ்பெக்டரின் மைத்துனன். மறுமாதம் வேலை இல்லை. அன்றிலிருந்து ஆதமின் பெஞ்சுதான் ஆபீஸ். பஞ்சர் ஒட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஆதம் அவருக்கு உதவியாளன். சம்பளம் கிடையாது. அண்ணாச்சியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற சலுகை உண்டு.

“சாயங்காலம் நாலு மணிக்குக் கோர்ட்டு கமிஷனர் வாராரு,” என்றான் ஆதம். “தாத்தாவப் பாத்து எழுதிட்டுப் போயிருவாரு. அதோட ஹைருன் மாமி வீடு, நம்ம கடை, உங்க பெஞ்சு எல்லாம் சினிமாக் கொட்டகை. நீங்க நல்லாத் தூங்குங்க.”

விஷயம் இதுதான். மனை பெரியவீட்டுக்காரருடையது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மனைமேல் நிற்கும் கட்டடம் யாருடையது என்பதுதான் வழக்கு. ஐம்பது வருடத்துக்கு முன் பினாங்கு வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய மீரான் ராவுத்தர், பெரியவீட்டு உலகநாதரிடம் மனையைத் தரைவாடகைக்கு எடுத்து, இரண்டடுக்குக் கல்கட்டடம் எழுப்பினார் என்பது ராவுத்தர் வீட்டுக் கட்சி. இரண்டு பெரிய மனிதர்களும் வாயால் பேசி முடித்தார்கள். எழுத்து கேட்பது மரியாதைக் குறைவு என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அந்த மரியாதைதான் இப்போது கோர்ட்டில் நிற்கிறது.

ராவுத்தரின் பேரன் இறந்துபோனார். பேரன் மனைவி ஹைருன் பீவி இருக்கிறார். மேலே குடியிருப்பு, கீழே கடையநல்லூர்க் கைலி விற்கும் கடை, மூலையில் ஆதம். உலகநாதரின் பேரன் சிவனணைந்தபெருமாள், கட்டடமும் எங்கள் தாத்தா கட்டியதுதான், ராவுத்தர் வெறும் வாடகைக்காரர் என்று வழக்குப் போட்டார். ஜெயித்தால் கட்டடத்தை இடித்துவிட்டு டாக்கீஸ் கட்டுவதாகத் திட்டம். இடிப்பதற்கு உரிமை வேண்டுமானால் தாத்தா கட்டியது என்று நிரூபிக்க வேண்டும். தாத்தா மேல் அவருக்கு அவ்வளவு பக்தி.

சாட்சி இல்லாமல் வழக்கு இழுத்தது. போன மாதம் சாட்சி தானாக வந்தது. முதல் சாரலில் முகப்புச் சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து விழ, உள்ளே கல்லில் செதுக்கிய ஓர் ஆள். தலைப்பாகை, காதில் கடுக்கன், முறுக்கு மீசை, கும்பிட்ட கை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்த சிவனணைந்தபெருமாள், “தாத்தா!” என்று கத்தி மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன் துண்டைத் தரையில் விரித்தார் என்று ஆதம் சொல்வான். ஆதம் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கட்டியவரைத்தானே செதுக்குவார்கள்? ராவுத்தர் தன் கடையில் அடுத்த வீட்டுத் தாத்தாவையா செதுக்குவார்? உண்மையை மறைக்கத்தான் பின்னால் காரை பூசினார்கள். வக்கீல் இப்படிச் சொன்னார். ஊர் வக்கீல் சொன்னதற்கு மேலே போய்விட்டது. சுவருக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தால் சும்மா விட முடியுமா? முதலில் மாலை போட்டார்கள். பிறகு சந்தனம். பிறகு உண்டியல். இப்போது பிள்ளைகளுக்கு முதல் முடி அங்கேதான் எடுக்கிறார்கள். கட்டடம் கட்டியவர் என்பது பழைய செய்தியாகி, கேட்ட வரம் கொடுப்பவர் ஆகிவிட்டார்.

“உலகநாதரு உயிரோட இருந்தப்ப யாருக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்லையாம்,” என்றான் ஆதம். “கல்லான பொறவுதான் மனசு எளகியிருக்கு.”

வல்லிநாயகம் கண்ணைத் திறந்தார்.

“ஏலே, ஏணி இருக்கா?”

“போஸ்டர் ஒட்டுதவன்ட்ட இருக்கு. எதுக்கு?”

“எல்லாரும் கீழ நின்னு கும்புடுதான். நாம கொஞ்சம் மேல போயிப் பாப்போம்.”

ஆதம் ஏணியைத் தாத்தாவுக்கு நேராகச் சாத்தினான். வல்லிநாயகம் அதைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

வாசலுக்கு மேலே இருக்கும் கல்கப்பலால்தான் கட்டடத்துக்கு அந்தப் பெயர். மீரான் ராவுத்தர் பினாங்குக்குப் போன கப்பலாம். புகைபோக்கி, நங்கூரம், வட்ட ஜன்னல், ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட உண்டு. கப்பலைச் சுற்றிச் சிற்பிகள் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் செதுக்கியிருந்தார்கள். தூண் தலைப்பில் வாழைப்பூ. வாழைப்பூவைக் கொத்தும் கிளி. பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்த குரங்கு. வாய்க்குள் உருளும் குண்டோடு யாளி. ஒரு தராசு. ஒரு கல்கடிகாரம். அதில் எப்போதும் மணி ஒன்பது, கடை திறக்கிற நேரம். சாமியும் இல்லை, மனிதனும் இல்லை. கப்பலில்கூட ஆள் கிடையாது.

வல்லிநாயகம் கிளியிடம் வெகுநேரம் நின்றார். பிறகு குரங்கு. பிறகு யாளி. ஒவ்வொன்றுக்கும் ஆதம் ஏணியைத் தூக்கி வைத்தான். கூட்டம் கூடியது.

“குரங்குட்ட வாக்குமூலம் வாங்கியாச்சா அண்ணாச்சி? எனக்குக் கை கடுக்கி.”

“வாங்கிட்டேன். கிளிக்குக் கண்ணு இல்ல.”

“வாழைப்பூ திங்கக் கண்ணு எதுக்கு?”

“குரங்குக்கும் இல்ல. யாளிக்கும் இல்ல. புருவம் இருக்கு, இமை இருக்கு. நடுவுல முட்டை மாதிரி வழவழன்னு விட்டுருக்கான். கருவிழி கீறவே இல்ல.”

“மறந்திருப்பான்.”

“ஒண்ணுக்கு மறக்கலாம். ஊர்ப்பட்ட கிளி இருக்கு. அத்தனைக்குமா மறப்பான்?”

கடைசியாகத்தான் தாத்தாவிடம் ஏறினார். கீழே நின்ற பக்தர் ஒருவர் பொறுக்கவில்லை.

“சாமி மேல செருப்போட ஏறுதீரேவே!”

“செருப்பு இங்கன கெடக்கு,” என்றான் ஆதம். “காலக் கழட்டி வைக்க முடியல. மன்னிச்சிரும்.”

வல்லிநாயகம் தாத்தாவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தார். தாத்தாவும் அவரைப் பார்த்தார். வட்டமான, தெளிவான, கொஞ்சம் ஆச்சரியப்பட்ட கண்கள்.

“இவரு முழிச்சுப் பாக்காருலே,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். முகத்தில் தூக்கம் இல்லை. அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாடியில் ஹைருன் பீவி கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். கதவு அவர் பேச்சைக் குறைத்ததே கிடையாது.

“பீவியம்மா, உங்க கட்டடத்துல ஒண்ணுக்கும் கண்ணு இல்லையே, ஏன்?”

“இப்பந்தான் தெரிஞ்சுதா? நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே கேட்டுட்டேன். அது ஆலிம்சாவுக்கும் சிற்பிக்கும் வந்த வழக்கு. இந்தக் கோர்ட்டு வழக்க விட நல்ல வழக்கு. முடிஞ்சுபோச்சு பாருங்க.”

அவர் சொன்னதன் சுருக்கம் இது. பூவும் கொடியும் போதும், உயிருள்ளதைச் செதுக்கக் கூடாது என்றார் பள்ளிவாசல் ஆலிம்சா. கிளியும் யாளியும் இல்லாத தூணைச் செதுக்கினால் என் கை செத்துப்போகும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் சிற்பி. நடுவில் ராவுத்தர். வேலை நின்றது. கல் தெருவிலேயே கிடந்தது, வண்டிகள் சுற்றிப் போயின. கடைசியில் சிற்பியே இறங்கி வந்தார். எங்கள் முறையில் கண் திறக்கிறவரைக்கும் சிலைக்கு உயிர் கிடையாது, அது வெறும் கல், நான் கண்ணைத் திறக்காமல் விட்டுவிடுகிறேன் என்றார். ஆலிம்சா யோசித்தார். உயிர் இல்லை என்று செய்கிறவனே சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

“ரெண்டு பேரும் அன்னைக்கு ஒரே கடையில நன்னாரி சர்பத் குடிச்சாவளாம். மீரான் மூப்பன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவளாம்.”

“அப்பம் இந்தக் கட்டடத்துல கண்ணு தொறந்தது எதுவும் இருக்க முடியாது.”

“இருக்கே, ஒரு மனுசன்! ஒரு மாசமா என் மாடிப்படியவே முழிச்சுப் பாத்துட்டு இருக்காரு. பால் வாங்க எறங்கக் கூச்சமா இருக்கு.”

“முகப்புல யாராவது சமீபத்துல வேலை பாத்தாவளா?”

“சித்திரையில பெரியவீட்டு அண்ணாச்சி ஆள் விட்டுச் செப்பனிட்டுக் குடுத்தாவ. மனைக்காரன் கடமைன்னாவ. ஓலைத் தட்டி கட்டி மறைச்சு வேலை. வழக்கு நடக்கும்போதும் இப்படி ஒரு நல்ல மனசான்னு நான் ஒரு தட்டு அல்வா குடுத்துவிட்டேன்.”

“தட்டு வந்துச்சா?”

“வரல.”

பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

“வல்லிநாயகம், நான் இந்த வீட்ட விட்டுப் போனா எங்க போவேன்னு எனக்குத் தெரியாது. மகன் கொழும்புல அடுத்தவன் கடையில நிக்கான். அங்க போயி நான் எங்க நிப்பேன்? எதாவது செய்யுங்க.”

படியிறங்கும்போது ஆதம் கிசுகிசுத்தான். “இது போதும்லா அண்ணாச்சி? கண்ணு இருக்கு, அதனால புதுசு. கமிஷனர்ட்டச் சொல்லிருவோம்.”

“போதாது. ‘மத்ததுக்கு வேண்டாம், கட்டுன எங்க தாத்தாவுக்கு மட்டும் தொறங்கன்னு சொன்னோம்’பான் வக்கீல். அந்தக் கல்லு வெளிய எங்கயோ இருந்துச்சுன்னு காட்டணும்.” வல்லிநாயகம் பாதிப்படியில் நின்றார். “ஏலே, சிலைக்குக் கண்ணு எப்படித் தொறப்பாவ தெரியுமா?”

“உளிய வச்சி.”

“உளி சிற்பிக்கு. செய்யச் சொன்னவனுக்கு ஒரு முறை இருக்கு. கண்ணு தொறந்ததும் அது மொதல்ல பாக்குறது மங்களமா இருக்கணும். கண்ணாடி காட்டுவாவ. நெல்லு காட்டுவாவ. கன்னுக்குட்டியோட பசுமாட்டக் கொண்டாந்து நிப்பாட்டுவாவ.”

“சாமி சிலைக்குச் சரி. போலித் தாத்தாவுக்குமா?”

“சிவனணைஞ்சபெருமாள் ராகுகாலத்துல பல்லுகூட வெளக்க மாட்டாரு. கோர்ட்ட ஏமாத்த அவருக்குப் பயம் இல்ல. சாஸ்திரத்த ஏமாத்தணும்னா கை நடுங்கிரும். அதுலயும் சொந்தத் தாத்தா முகம். கண்டிப்பா மாடு வந்திருக்கும்.”

“அப்பம் சிற்பியத் தேடுவோம்.”

“சிற்பிக்கு வாய்ப்பூட்டு போட்டிருப்பாவ. மாட்டுக்குப் போட முடியாது. மாட்டத் தேடுலே.”

எங்கே தேடுவது? தென்காசியில் பெரியவீட்டுத் தொழுவத்து மாடு தும்மினால் கடைத்தெருவில் பேச்சாகும். ஆகவே தென்காசி இல்லை. சித்திரையில் சுவரில் ஏறிய கல்லுக்குப் பங்குனியில் கண் திறந்திருக்க வேண்டும். பங்குனியில் குற்றாலத்தில் அருவியும் கிடையாது, ஆளும் கிடையாது. லாட்ஜுகளில் பல்லிதான் தங்கியிருக்கும். ரகசியத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்றார் வல்லிநாயகம்.

ஆதம் மிதித்தான். வல்லிநாயகம் பின்னால் கேரியரில் உட்கார்ந்து குடை பிடித்தார். குடை அவருக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

குற்றாலம் முழுக்க ஈரமாக இருந்தது. ஈர வேட்டி, ஈரத் துண்டு, ஈர ரூபாய். அருவிச் சத்தத்தில் எல்லாரும் கத்திப் பேசினார்கள். ஆதம் சைக்கிளை நிறுத்தி, கல்மேல் ஒரு கனத்த ஆளைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் போனான்.

“அண்ணாச்சி, பங்குனியில இங்கன மாடு ஒண்ணு...”

அவ்வளவுதான் சொன்னான். தேய்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். கிடந்த ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“மச்சுல ஏறுன மாடா?” என்றார் தேய்த்தவர். “அய்யாக்குட்டி லாட்ஜு மாடுதானே? ஏறும்போது நல்லபிள்ளையா ஏறிட்டு. எறங்கச் சொன்னா மாட்டேன்னுட்டு. மாடு படி ஏறும், எறங்காது, தெரியும்லா? விடிய விடியக் கத்திச்சு. அருவி விழுந்தா யாருக்குக் கேக்கும்? பங்குனிலா, அருவி காஞ்சு கெடக்கு. ஊருக்கே கேட்டுச்சு. நாங்கள்லாம் பாயைத் தூக்கிட்டு எதுத்த மச்சுல போயிப் படுத்துப் பாத்தோம். வேற என்ன வேலை?”

“ரகசியத்துக்கு நல்ல எடம்,” என்றான் ஆதம், அண்ணாச்சியைப் பார்க்காமல்.

“எதுக்கு ஏத்துனாவ?” என்று கேட்டார் வல்லிநாயகம்.

“அது தெரியாது. மாடு கத்துதத எல்லாரும் கேட்டோம், காரணத்த யாரு கேட்டா.”

லாட்ஜு வாசலில் இடமில்லை. மேசைக்குப் பின்னால் மேனேஜர் அய்யாக்குட்டி, தலை நிமிராமல், “ரூம் இல்ல,” என்றார்.

“ரூம் வேண்டாம்,” என்றார் வல்லிநாயகம். “பங்குனியில மேல ஒரு மாடு தங்கிச்சாமே.”

அய்யாக்குட்டி நிமிர்ந்தார். “மாடா? இது குடும்பத்தோட தங்குத எடம்.”

“கன்னுக்குட்டியோடதான் வந்துச்சாம்,” என்றான் ஆதம். “குடும்பந்தானே.”

“நான் ஒண்ணும் பாக்கல. அந்த வாரம் பூரா கண்ணுவலி. படுத்துக் கெடந்தேன்.”

“இந்த வழக்குல எல்லாருக்கும் கண்ணுலதான் கோளாறு,” என்றான் ஆதம்.

வல்லிநாயகம் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். லாட்ஜு திறப்பு விழா. ரிப்பன் வெட்டுகிறவர் சிவனணைந்தபெருமாள். பக்கத்தில் கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நிற்பவர் அய்யாக்குட்டி. மேலே கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

மாட்டுக்காரி மூக்கம்மாள் லாட்ஜுக்குப் பின்புறம் இருந்தாள். மாடும் இருந்தது. புல் தின்றுகொண்டிருந்தது. பெரிய இடத்துக்கெல்லாம் போய்வந்த களை அதன் முகத்தில் இல்லை.

“அதை ஏன் கேக்கிய?” என்றாள் மூக்கம்மாள். “அன்னையிலேருந்து பாலு கொறைஞ்சு போச்சு. கயித்தப் போட்டு எட்டாள் சேந்துலா எறக்குனாவ! என் மாட்டக் கொண்டாந்து அந்த மீசைக்காரக் கல்லு முன்னால நிப்பாட்டிச்சாவ. ஒரு ஆளு உளியால ரெண்டு கீறு கீறுனாரு. பெரியவீட்டுக்காரரு கன்னத்துல போட்டுக்கிட்டு அழுதாரு. மாடு கல்லப் பாத்துச்சு. கல்லு மாட்டப் பாத்துச்சு. பொறவு மாடு கத்த ஆரம்பிச்சிட்டு.”

ஆதமுக்கு மனம் குதித்தது. “இத அப்படியே தென்காசில வந்து ஒரு ஆள்ட்டச் சொல்லணும்க்கா. சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன். அண்ணாச்சி நடந்து வருவாவ.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன்? பெரியவீட்டுக்காரருக்குப் பயமா?”

“அவருக்கு எதுக்குப் பயப்படணும்? கல்லுக்குத்தான் பயம். வார முகூர்த்தத்துல பேரனுக்கு அங்கனதான் முடி எடுக்கோம்.”

ஆதம் கிண்டலை விட்டுவிட்டுக் கேட்டான். அவனுக்கு அது அபூர்வம்.

“அந்தக் கல்லு இந்த லாட்ஜுல, ஒன் கண்ணு முன்னால செஞ்சதுன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அவரு தாத்தாவும் இல்ல, சாமியும் இல்லன்னும் தெரியும்.”

“அது எப்படி? என் மாட்டப் பாத்துத்தானே கண்ணு தொறந்துச்சு? சக்தி இல்லாமப் போகுமா?” மூக்கம்மாள் சாணியை அள்ளினாள். “சொன்னா நான் சொல்லவே இல்லன்னு சொல்லிருவேன். போங்க.”

திரும்பும்போது சாரல் எதிரே அடித்தது. ஆதம் மிதித்துக்கொண்டே பேசினான்.

“மேனேஜருக்குக் கண்ணுவலி. மாட்டுக்காரிக்குப் பக்தி. எண்ணெய்க்காரருக்குக் காரணம் தெரியாது. மாடு ஒண்ணுதான் பாக்கி. அதையும் சம்மன் குடுத்து ஏத்தினா கூண்டுல இருந்து எறங்காது.”

“சாட்சி இருக்குலே.”

“எங்க?”

“நாலு மணிக்குப் பட்டு வேட்டி கட்டிட்டு அவரே வருவாரு. நீ மிதி.”

நாலு மணிக்குக் கடைத்தெரு நிறைந்திருந்தது. கமிஷனர் சின்ன வயது வக்கீல். கையில் காகிதம், கண்ணில் தலைவலி. சிவனணைந்தபெருமாள் பட்டு வேட்டியில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, தாத்தாவுக்குக் கீழே, தாத்தாவைப் போலவே கையைக் கூப்பி நின்றார். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மீசையையும் முறுக்கியிருந்தார். பக்கத்தில் அவருடைய வக்கீல். மாடி ஜன்னல் பாதி திறந்திருந்தது.

“ராவுத்தர் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார் கமிஷனர்.

வல்லிநாயகம் முன்னால் வந்து கும்பிட்டார்.

“எங்களுக்கு ஆட்சேபம் இல்லய்யா. சிலை பழசுதான். அம்பது வருசமா காரைக்குள்ள இருந்ததுதான். ஐயா அப்படியே எழுதிக்கிடலாம்.”

கமிஷனர் எழுதினார். ஆதம் கையிலிருந்த காற்றடிக்கும் பம்பைக் கீழே போட்டான். அண்ணாச்சியை வாங்கிவிட்டார்களா? எப்போது? காலையிலிருந்து கூடவேதானே இருந்தார்! மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

“ஊர்க்காரங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை,” என்றார் வல்லிநாயகம். குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். “இன்னைக்கு ஏணி வச்சு ஏறிப் பாத்தேன். இந்தக் கட்டடத்துல எந்தச் சிலைக்கும் முறைப்படி கண்ணு தொறக்கல. கட்டும்போதே அப்படி ஒரு பேச்சு. இவரும் அதே கட்டடம், அதே வேலை. அப்பம் இவருக்கும் சடங்கு நடந்திருக்காது. நெல்லு இல்ல, கண்ணாடி இல்ல, மாடு இல்ல. சும்மா உளியால கீறி விட்டிருக்கான். அது மொதல்ல எதப் பாத்துச்சோ, தெரியாது. அதுக்கு முன்னாலதான் ஒரு மாசமா நம்ம பச்சப்பிள்ளைகள உக்கார வச்சிட்டு இருக்கோம். எனக்கு மனசு கேக்கல. சொல்லிட்டேன்.”

சாரல் விழும் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு பெண் மொட்டையடித்த குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். அப்புறம் ஒருவர் கேட்டார்:

“முறைப்படித் தொறக்கலையா?”

“எம் மருமவளுக்கு இங்கன வந்துட்டுப் போன அன்னைக்குத்தான் காய்ச்சல் கண்டுச்சு.”

“என் கெணத்துல தண்ணி எறங்குனதும் அப்பந்தான்.”

“மாடுகூடக் காட்டாம கண்ணு தொறந்தா அது சாமியா? என்ன எழவப் போயிக் கும்பிட்டோம்!”

உண்டியலுக்கு அருகில் நின்றவர்கள் விலகினார்கள். சிவனணைந்தபெருமாளின் கும்பிட்ட கை பிரிந்தது. வக்கீல் அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்து, “பேசாம இருங்க, பேசாம இருங்க,” என்றார். அவரும் பேசாமல்தான் இருந்தார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவர் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்:

“சொந்தத் தாத்தாவக் குருட்டாம்போக்குல கண்ணு கீறுனபடியே நடுத்தெருவுல விட்டு வச்சிருக்கான். இவன்லாம் ஒரு பேரன்!”

துண்டு வக்கீலின் கையில் நின்றது. சிவனணைந்தபெருமாள் நாலடி முன்னால் பாய்ந்திருந்தார்.

“எவம்லே அவன்? யாரப் பாத்துச் சொன்ன? முறைப்படிதாம்லே தொறந்தோம்! நாள் பாத்து, நட்சத்திரம் பாத்து, நானே முன்னால நின்னு தொறந்தேன்! கண்ணாடி காட்டினேன், நெல்லு காட்டினேன், கன்னும் பசுவும் காட்டினேன்! இந்தப் பங்குனி வளர்பிறையில, குற்றாலத்துல, அய்யாக்குட்டி லாட்ஜு மச்சுல! மூக்கம்மா மாடு! போயிக் கேளுங்கலே! எங்க தாத்தாவுக்கா நான் கொறை வைப்பேன்?”

கூட்டம் மூச்சு விட்டது. “அப்படிச் சொல்லுங்க,” என்றார் கிணற்றுக்காரர். பெண் குழந்தையின் தலையிலிருந்து முந்தானையை எடுத்தாள். ஊருக்கு ஒரு பெரிய பயம் நீங்கியது.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

கமிஷனரின் பேனா நின்றது. அவர் தான் எழுதியிருந்த வரியைப் பார்த்தார், பிறகு தாத்தாவைப் பார்த்தார், பிறகு பேரனைப் பார்த்தார். சிவனணைந்தபெருமாள் இன்னும் மீசை துடிக்க, முறை தவறாத மனிதனின் நிமிர்வோடு நின்றார். என்ன சொன்னோம் என்பது அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆதம் பம்பைக் குனிந்து எடுத்தான். அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி ஜன்னல் முழுக்கத் திறந்தது. ஹைருன் பீவியின் குரல் தெருவுக்கு வந்தது. நிதானமாக, மரியாதையாக வந்தது.

“பெரியவீட்டு அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீய. அம்பது வருசமா என் சுவத்துக்குள்ளயே இருந்த மனுசன், பங்குனியில மாடு பாக்கக் குற்றாலத்துக்கு எந்த வழியா எறங்கிப் போனாவ?”